ஏழாம் மாதத்துக் காய்ச்சல்

விருத்தாசலம்
14.11.2006

தம்பி மணிபாரதிக்கு,

புனேயில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? ஸ்வெட்டர் வாங்கிக்கொள். நான் மறுபடி பீங்கான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். பீங்கான் பியூஸ் கட்டைகளுக்குப் பளபளக்கக் கிளேஸ் பூசுகிற அதே வேலை. வீட்டில் இருந்தால் தமிழினி அழுவது கேட்கிறது. கம்பெனியில் மிஷின் சத்தத்துக்குள்ளும் கேட்கிறது, கை நின்றுவிடுகிறது. "என்னாடி, யாரு கூப்புட்டாங்க?" என்கிறார் பக்கத்தில் காசியம்மாள் அக்கா.

டெங்குக் காய்ச்சலில் தமிழினி போய் நாற்பது நாளாகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருவர் பேசிக்கொண்டார்கள். "தாயிடமிருந்து வந்திருக்கும்" என்றார் ஒருவர். எது என்னிடமிருந்து வந்தது? நீ டெங்குவைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறாய். போனில் கேட்டால் அத்தை காதில் விழும். எழுது.

உன் அக்கா
அகல்யா

புனே
25.11.2006

அக்கா,

டாக்டர்கள் தங்களுக்குள் எதையாவது பேசுவார்கள். அதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே. டெங்கு கொசுவால் வருவது. உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு. மாமாவைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது.

மணி

விருத்தாசலம்
5.3.2007

மணி,

பொங்கலுக்கு நீ வரவில்லை. போனிலும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

எனக்கு இப்போது மூன்று மாதம். உன் மாமாவுக்குச் சந்தோஷம். எனக்குப் பயம்தான். இங்குள்ள டாக்டரம்மா இளமதியிடம் மனம்விட்டுக் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்குதாம்மா?" என்றார். மூன்று வருஷம் முன்பு வந்ததே, நீதானே கூட இருந்து பார்த்துக்கொண்டாய். அப்போது என் ரத்தத்தில் உண்டானது குழந்தைக்கும் போயிருக்கிறது, அதுவே காய்ச்சலை முற்றவைத்திருக்கலாம் என்றார். உனக்கு இது தெரியாதா?

வயிற்றில் கை வைக்கவே கூசுகிறது. இந்தப் பிள்ளைக்கும் அதைத்தானே கொடுக்கப்போகிறேன். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கலைத்துவிடக் கேட்டிருக்கிறேன். 13ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அகல்யா

புனே
8.3.2007

அக்கா,

மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கூரியரில் அனுப்புகிறேன்.

எனக்குத் தெரியும். உன் ரத்தத்தில் இருப்பவை, நோயை எதிர்க்க உடம்பே உண்டாக்கிக்கொள்ளும் ஆன்டிபாடிகள். நஞ்சுக்கொடியில் கொக்கி போல உள்ள ஏற்பிகள் அவற்றைப் பிடித்துக் குழந்தைக்கு அனுப்பும். முதல் சில மாதம் அவைதான் தமிழினிக்குக் காவல் இருந்தன. பிறகு குறைந்துகொண்டே வரும். ஏழெட்டு மாதத்தில், வைரஸைக் கொல்லும் அளவுக்கு இருக்காது, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இருக்கும். சில ரத்த செல்களின் மேல் வேறு ஏற்பிகள் உண்டு. அவை ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து உள்ளே இழுக்கும். வைரஸும் கூடவே உள்ளே போய்ப் பெருகிவிடும். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை. ஒரு வயதுக்குள் அந்த ஆன்டிபாடிகள் கரைந்தும்விடும். கொசு அண்டாமல் பார்த்துக்கொண்டால், காய்ச்சல் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனால், காப்பாற்ற முடியும்.

தமிழினியையும் காப்பாற்றியிருக்கலாம், அதனால்தான் மறைத்தேன். அவளுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று நீ போன் செய்தாய். "கால் சில்லுனு இருக்குதுடா" என்றாய். "காய்ச்சல்தான் வுட்டுடுச்சே, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். ஆய்வுக்கூடத்தில் வேலை நடுவில் இருந்தேன். காய்ச்சல் இறங்கிக் கைகால் சில்லிடும் நேரம்தான் ஆபத்து என்று எனக்குத் தெரியும். உனக்கு முன்பு டெங்கு வந்தது தெரியும். அவளுக்கு ஏழு மாதம் என்பதும் தெரியும். மூன்றையும் சேர்த்து நினைக்கவில்லை. அந்த ஒரு நாள் என்னால் போனது. உன்னால் இல்லை அக்கா.

கடலூருக்குப் போகாதே.

மணி

விருத்தாசலம்
16.3.2007

மணி,

கூரியர் திங்கட்கிழமை வந்தது. கம்பெனி வாசலில் நின்றே படித்தேன். படித்தும் மறுநாள் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். வடலூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இந்தப் பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. போன் அடித்தாலே "நாளைக்குப் பாக்கலாம்" என்று காதில் விழுகிறது. அதனால் அத்தைதான் எடுக்கிறார். வளைகாப்புக்கு அம்மா உன்னைக் கூப்பிடுவாள். லீவு இல்லையென்று சொல்லிவிடு.

டாக்டரம்மாவிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவேன். உனக்குப் போன் செய்யமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அகல்யா