அவனிடம் எதற்கு மன்னிப்புக் கேட்டாய்?

விஜயநகர், மைசூரு

சௌம்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் மனசுதான் சரியில்லை, காரணம் நீ. ஆனாலும் நீ அங்கே ஜெர்மனியில் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதேஸ்வரனைக் கும்பிடாத நாள் கிடையாது, அதில் குறை வைக்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, போன வாரம் கொள்ளேகால் போய் பஸ் மாறி மாதேஸ்வரன் மலைக்கும் போய்வந்தோம். போனில் நாம் இஸ்தான்புல் போன பேச்சை எடுத்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

நேற்று நஞ்சன்கூட்டிலிருந்து உன் கனகா சித்தி வந்தாள். வந்ததும் வராததுமாக, "ஏனக்கா, இஸ்தான்புல்லுல போயி ஊரே கூடற மாதிரி சண்டை கட்டுனியாமா, புள்ளைக்குத் தலையே தூக்க முடியலையாமா" என்று சிரிக்கிறாள். காப்பி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டேன். அம்மாவுக்கு வெளிநாட்டில் நடந்துகொள்ளத் தெரியவில்லை என்று நீதான் சொன்னாயாம். எனக்கா தெரியவில்லை?

அங்கே மசூதி வாசலில் அந்தக் கம்பளக் கடைக்காரன் இந்தியாவா, நமஸ்தே என்று ஒட்டிக்கொண்டபோது நான் வேண்டாமப்பா என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன். நீதான் நின்றாய். நின்றது மட்டுமா, சாரி என்றாய், அப்புறம் வருகிறோம் என்றாய், கேட்டவுடன் ஹோட்டல் பேரையும் சொன்னாய். ஏன் சொன்னாய் என்றதற்கு, முகத்திலடித்த மாதிரிப் பேசுவது மரியாதை இல்லை என்று எனக்குப் பாடம் எடுத்தாய். சாயங்காலம் பார்த்தால் ஹோட்டல் வாசலில் நிற்கிறான். வருகிறோம் என்றீர்களே, டீ போட்டு வைத்திருக்கிறேன் என்று எட்டுக்கு எட்டு கூடவே வருகிறான். நீ அப்போதும் சிரித்துச் சிரித்துச் சாரி சொல்லிக்கொண்டிருந்தாய். அவன் என் கையைப் பிடித்துத் தெருப்பக்கம் இழுத்தான், வளையல் சதையில் அழுந்திவிட்டது. "கையை விடுறா நாயே" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். தமிழில் கத்தினேன், கன்னடத்திலும் கத்தினேன். ஹோட்டல்காரர் ஓடிவந்து அதட்டின பிறகுதான் விட்டுவிட்டுப் போனான். நீ என்ன செய்தாய்? அவன் பின்னாலேயே நாலு எட்டு போய், எங்கம்மா இப்படித்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாய். எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது, புரியும். அறைக்கு வந்தும் என் கையை நீ பார்க்கவில்லை, எல்லாரும் பார்க்க ஏம்மா இப்படி அசிங்கம் பண்ணறே என்றுதான் கேட்டாய். பெற்றவள் கை சிவந்ததைவிட முன்பின் தெரியாதவன் மனசு கோணுவது உனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அடுத்த மாசம் மொராக்கோவுக்குத் தனியாகப் போகிறாய் என்று அப்பா சொன்னார். அதனால் இதை எழுதிவைக்கிறேன், கேட்டுக்கொள். மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்பதைச் சிரித்த முகமாக ஒரு தரம் சொல், சொல்லிக்கொண்டே நட, நிற்காதே. வாங்காத பொருளுக்கு விலை கேட்காதே. அப்புறம் வருகிறேன் என்று பொய் சொல்லாதே, அவனும் பிழைக்கிறவன்தானே, நம்பிக் காத்திருந்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். தங்குகிற இடத்தை எவனுக்கும் சொல்லாதே. பின்னாலேயே வந்தால் பெண்கள் இருக்கிற கடையாகப் பார்த்து உள்ளே போய்விடு. மேலே கை வைத்தால் கத்து, எந்த பாஷையில் கத்துவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே.

கனகா சித்திக்கு நீயே போன் போட்டு அவன் என் கையைப் பிடித்து இழுத்ததைச் சொல். அதைச் சொல்கிற வரைக்கும் என் நம்பருக்குக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். மாதேஸ்வரன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும், நல்லா இரு. மொராக்கோவில் இறங்கினதும் அப்பா போனுக்குக் கூப்பிடு, தினமும் வெளியே போய்விட்டு அறைக்குத் திரும்பினதும் மறக்காமல் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன். நான் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
நாச்சம்மாள்