நோகுது என்று சொல்லு

இன்று காலை லாச்சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் இறங்கித் தெருவுக்கு வந்தபோது, புதிதாகத் தொடங்கியிருக்கிற ஓர் அழகுநிலையத்தின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரோ மெழுகைச் சூடாக்க வைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும். தேனும் பிசினும் கருகுகிற மணம் நடைபாதைக்கு வந்திருந்தது. அவ்வளவுதான். நான் மெத்ரோப் பாலத்தின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டேன். மேலே ரயில் ஓடியது. என் நெஞ்சை உள்ளிருந்து யாரோ முழங்கையால் இடித்தார்கள். திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில்.

காய்கறிக் கடை வாசலில் நின்றவர், "என்ன தங்கச்சி, சுகமில்லையோ?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, பரவாயில்லை என்ற பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஓம் அண்ணை, சுகமில்லை" என்றேன். அவர் வாழைக்காய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, "இதிலை இருங்கோ" என்றார். மூச்சு சீராகும்வரை அந்தப் பெட்டியில் இருந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது.

பெண்களின் புருவம் திருத்துகிற எங்கள் சலோனில் நீயும் நானும் ஆளுக்கொரு நாற்காலியை வாடகைக்கு எடுத்திருந்தோம். முதலாளி அண்ணையிடம் நாங்கள் சம்பளம் வாங்கியதில்லை. அவரவர் பெயரில் பதிவு, அவரவர் வரி, அவரவர் தலைவலி. நீ மன்னார்ப் பெண். கழுத்தில் கிடந்த சிலுவையைச் சண்டைக்குப் போகுமுன் முத்தமிடுவாய்; அப்படிப் பார்த்தால் அடிக்கடி முத்தமிட்டாய். நான் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவள். விரிவுரை மண்டபத்தின் கதவு மூடினால் எனக்கு மூச்சு முட்டியது, அதனால்தான் விட்டேன் என்பதை உனக்கு மட்டும் சொல்லியிருந்தேன். ஆள் வராத நேரத்தில் நான் வாசித்துக்கொண்டிருந்தால், "எடி படிச்சவளே, புருவம் எடுக்கிறது எப்பிடியெண்டு உதிலை கிடக்கோ?" என்று கேட்பாய்.

நூலைப் பல்லில் கடிக்குமுன் ஒவ்வொருத்தியிடமும் நீ சொல்வது ஒன்றுதான். "தோலை இழுத்துப் பிடியுங்கோ. நோகுது எண்டு சொல்லுங்கோ. சொன்னால் நிப்பாட்டுவன்."

மாலி நாட்டுப் பெண்கள் முதல் மயிருக்கே ஊரைக் கூட்டுவார்கள். பிரெஞ்சுக்காரிகள் உன் கையைத் தட்டிவிடுவார்கள். எங்கள் பெண்கள் மட்டும், கண்ணீர் காதுவரை ஓட, "இல்லையக்கா, பரவாயில்லை, நீங்கள் செய்யுங்கோ" என்பார்கள். அவர்கள் போனதும் நீ நூலைத் துப்பிவிட்டுச் சொல்வாய்: "எங்கடை ஆக்கள் செத்தாலும் சொல்லாயினம்."

நீ அப்படி இல்லை. எல்லாவற்றையும் சொன்னாய். உன் கணவன் அடிப்பதை, நீ திருப்பி அடித்ததை, கூசேன்வில் வீட்டை விட்டு சார்செல்லில் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டதை எல்லாம் வாடிக்கையாளர் காதுபட உரத்துச் சொன்னாய். பொலிசுக்கும் சொன்னாய். சொன்னால் நிறுத்துவார்கள் என்று நம்பினாய்.

அது கோடையின் கடைசிக் கலியாண மாதம். சலோனில் நிற்க இடமில்லை. விமான நிலைய வேலைக்குப் போடும் மஞ்சள் மேலங்கியோடு அவன் உள்ளே வந்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"வீட்டை வா."

"வேலை நடக்குது. வெளியிலை நில்."

உன் தலைமயிரைப் பிடித்து முகத்தைக் கண்ணாடியின் விளிம்பில் மோதினான். கண்ணாடி வெடித்தது. மறுபடி மோதினான். கழுத்தில் துணி கட்டிய பெண்கள் இருந்த இருப்பிலேயே உறைந்துபோனார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். உன் கை மேசையைத் தடவிக்கொண்டு போவதை மட்டும் கண்டேன். அது மெழுகுப் பானையைப் பிடித்தது. முழுவதையும் அவன் கழுத்தில் ஊற்றினாய். மேலங்கியும் தோலும் சேர்ந்து கருகிய மணம் அப்போது எழுந்தது. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாகவே இருக்கவில்லை. அப்படியும் அவன் ஸ்டூலைத் தூக்கினான். பக்கத்து மரக்கறிக் கடைப் பொடியள் ஓடிவந்து தரையில் போட்டு மிதித்துத்தான் அவனை வெளியே இழுத்தார்கள்.

நீ துவாயால் வாயைத் துடைத்தாய். ஒரு பல்லைக் கையில் எடுத்துப் பார்த்துச் சட்டைப் பைக்குள் போட்டாய். பிறகு, ஒரு புருவம் மட்டும் முடிந்திருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, மற்றப் பக்கம் கிடக்கு. வாங்கோ" என்றாய்.

அவர் வந்து இருந்தார்! உன் இரத்தம் அவர் போர்வையில் சொட்டியது. "நோகுதோ?" என்று கேட்டாய். "இல்லைத் தங்கச்சி" என்றார்.

அன்றைக்குப் பிறகு என் உடம்பு என் சொல் கேட்கவில்லை. மெத்ரோவுக்குள் நெஞ்சு இடிக்கும். நூல் கையில் நிற்காது. ஒரு நாள் ஒரு பிள்ளையின் இமையைக் கிழித்துவிட்டேன். கழிப்பறைக்குள் போய் முன்கைகளை நகத்தால் பிறாண்டினேன். இரத்தம் கண்டால்தான் மூச்சு வந்தது. சொந்தப் பதிவில் வேலை செய்பவளுக்கு நோய்விடுப்புப் பணம் என்று கிடைப்பது பெயருக்குத்தான். நாற்காலி வாடகையோ நிற்காது. வீட்டில் அம்மாவும் நானும்தான். என் உழைப்பில்தான் வீடு ஓடியது. உடம்பாலோ மனதாலோ முழுநேரம் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு மாதக் கொடுப்பனவு தருகிறது என்று நீதான் விசாரித்துக்கொண்டு வந்தாய். அது கிடைக்காவிட்டால் நாற்காலியும் போகும், வீடும் போகும்.

அம்மாவிடம் சொல்ல நீயே சார்செல்லில் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆந்திக்காப்பே, ஏலாதவள் எண்டு பதிஞ்சால் இவளைப் பிறகு ஆர் கட்டுவான்?"

"ஏன் அன்ரி, கால் முறிஞ்சால் பதியாமல் விடுவியளோ?"

"கால் எண்டால் ஆக்களுக்குத் தெரியும். இது தெரியாதுதானே. பிறகேன் நாங்களாய்க் காட்டுவான்?"

"ஆக்களே வந்து உங்கடை வாடகை கட்டப்போகினம்?"

"நீ முதல் உன்ரை மனிசனைப் போய்ப் பாரடி."

"பாத்தனான் அன்ரி. மெழுகு ஊத்திப் பாத்தனான்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மீன் தலையில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார்.

விண்ணப்பத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் போன நாளில் நீ என்னை மணப்பெண் போலச் சோடித்தாய். "கந்தோருக்குப் பிச்சைக்காரி மாதிரிப் போகக்கூடாதடி. மதிக்க மாட்டாங்கள்." புருவம் திருத்தி, கன்னத்துக்கு நிறம் போட்டு, கண்ணடியின் கருமையை மறைத்தாய். முன்கையில் இருந்த நகக் கீறல்களுக்கும் அதே பூச்சு. அம்மா தன் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டார். எங்களுக்கு அலுவலகம் என்றால் கோயில். குறையோடு போனாலும் குறை தெரியாமல் போக வேண்டும்.

மருத்துவர் நல்ல பெண்மணி. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "சவா, மெர்சி" என்றேன், சுகம், நன்றி என்று. சிரிக்கவும் செய்தேன். மேசைக்கடியில் நீ என் காலில் உதைத்தாய். கோடை மாதங்களில் வருமானம் நன்றாக இருந்திருக்கிறதே என்றார். ஓம் என்றேன். தொழில் பிடித்திருக்கிறதா? ஓம். நித்திரை? வருகிறது. எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

நீ எழுந்து மேசையில் உள்ளங்கையால் அறைந்தாய். பேனை உருண்டு விழுந்தது. "எல் மான்!" என்று கத்தினாய், இவள் பொய் சொல்கிறாள் என்று. அதற்குமேல் பிரெஞ்சு வரவில்லை. தமிழில் தொடர்ந்தாய். உன் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. மருத்துவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மன்னிக்கவும், விண்ணப்பம் உங்களில் யாருடையது?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் நடுத்தெருவில் என்னை அறைந்தாய். காது கூவியது.

"நோகுதோ?"

நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"கேக்கிறனெல்லே. நோகுதோடி?"

"நோகுது."

"விசரி, இதை உள்ளுக்கை சொல்லியிருக்கலாமெல்லே!" என்று நீயே அழத் தொடங்கினாய். வழியில் பேக்கரியில் பணிஸ் வாங்கித் தந்தாய். அந்த அடியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அடியில் வளர்ந்து, அடியில் வாழ்ந்த கைக்கு வேறு மொழி தெரியவில்லை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லியிருக்கிறேன். விளக்கம் மன்னிப்பு ஆகாது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், "சரியடி, நீயும் ஒண்டு தா" என்று கன்னத்தைக் காட்டியிருப்பாய்.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். கோடை வருமானத்தையும், நேர்காணலில் தென்பட்ட நல்ல நிலையையும் காரணமாக எழுதியிருந்தார்கள். மேன்முறையீடு போட்டோம். அந்தப் பதிலுக்குக் காத்திருந்த குளிர்காலத்தில்தான் அவன் உன்னைக் கொன்றான்.

கிட்ட வரக்கூடாது என்று அவனுக்கு நீதிமன்ற உத்தரவு இருந்தது. சார்செல் ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையில், வேலைக்கு வரும் சனங்களுக்கு நடுவே, கத்தியோடு நின்றான். நீ கத்தினாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெரிதாகக் கத்தினாயாம். அவன் கையைக் கடித்து, சதையைத் துப்பினாயாம். அவன் நிறுத்தவில்லை.

உன் தங்கை உன் அலங்காரப் பெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். "வெளி ஆக்கள் முகத்திலை கைவைச்சால் அக்காவுக்குப் பிடிக்காது. நீங்களே செய்துவிடுங்கோ." கழுத்துவரை உனக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். தாடையில் நீலமும், கன்னத்தில் ஒரு வெட்டும். உன் புருவத்தில் மயிர் வளர்ந்திருந்தது. அப்படி நீ ஒருநாளும் விட்டதில்லை. நூலைப் பல்லில் கடித்தேன். இழுத்துப் பிடிக்க உன்னால் முடியாது என்பதால் இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுத் தோலைப் பிடிக்கச் சொன்னேன். நேரம் எடுத்துச் செய்தேன். நீ அசையவில்லை.

மறைக்கும் பூச்சை நான் திறக்கவே இல்லை. சவப்பெட்டியைத் திறந்து வைத்து எல்லோரும் பார்க்க வந்தபோது, ஒரு பெண் என் காதருகே குனிந்தார். "பிள்ளை, உந்த நீலத்தை மூடியிருக்கலாமே. ஆக்கள் பாப்பினம்."

"பாக்கட்டும், அன்ரி" என்றேன்.

அம்மா பக்கத்தில் நின்றார். அவர் உன்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

மேன்முறையீட்டுக்குக் கூப்பிட்ட நாளில் முகம் கழுவிவிட்டுச் சும்மா போனேன். சங்கிலி இல்லை. குளிரிலும் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தேன். கூட வருகிறேன் என்று அம்மாதான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அறையில் மேசைக்கு அந்தப்பக்கம் சிலர் இருந்தார்கள். ஒருவர், மரியாதைக்குத்தான், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நோன்" என்றேன், இல்லை என்று.

அவருக்கு விளங்கவில்லை. அந்தக் கேள்விக்கு அது பதிலே அல்ல. "நன்றாக இல்லை. நோகிறது" என்று பிரெஞ்சில் சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கண்ணாடி விளிம்பைச் சொன்னேன். கருகிய மணத்தைச் சொன்னேன். நீங்கள் பார்க்கிற கோடை வருமானத்தின் பெரும்பகுதி அந்த நாளுக்கு முன் வந்தது, பின் வந்த ஒவ்வொரு வேலைநாளுக்கும் கழிப்பறைத் தரையில் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்பதைக் கேட்கும் கட்டம் உங்கள் படிவத்தில் இல்லை என்றேன். நேர்காணலில் மேசையில் அறைந்தவள் இப்போது எங்கே என்றும் சொன்னேன். நடுவில் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. மறைக்கவில்லை. அவர்கள் முன்னாலேயே குனிந்து தரையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். இத்தனை வருடம் எனக்கு முன்னால் பிரெஞ்சு பேச வெட்கப்பட்டவர். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "மா ஃபீய், எல் க்ரி. லா நுய், எல் க்ரி" என்றார். என் மகள், அவள் கத்துகிறாள். இரவில் கத்துகிறாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

கொடுப்பனவு கிடைத்தது. காலவரையறையோடுதான், முடியும்போது மறுபடி போய்ச் சொல்ல வேண்டும். இப்போது இயன்ற நாட்களில் சில மணிநேரம் வேலை செய்கிறேன், வந்ததை ஒழுங்காகப் பதிகிறேன். நாற்காலி இருக்கிறது. உன் நாற்காலியில் வேறு ஒருத்தி. உன் நூற்கட்டை என் சட்டைப் பையில். மெழுகு வேலை நான் எடுப்பதில்லை.

இன்று அந்த வாழைக்காய்ப் பெட்டியிலிருந்து எழுந்து சலோனுக்குப் போனேன். ஒரு இளம்பெண் காத்திருந்தாள். எங்கள் பிள்ளைதான், முதல்முறையாம். தோலை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். உன் மூன்று வாக்கியங்களையும் அப்படியே சொன்னேன். பாதிப் புருவத்தில் அவள் கண்ணீர் காதை நோக்கி ஓடியது.

"நோகுதோ?"

"இல்லையக்கா. பரவாயில்லை."

நூலை அவள் புருவத்திலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். மேலே பாலத்தில் ரயில் போனது, கண்ணாடி அதிர்ந்தது. எனக்கும் நெஞ்சு ஒருமுறை இடித்தது. அவள் இழுத்துப் பிடித்த விரலைத் தளர்த்திக் கண்ணைத் திறந்தாள்.

"ஓமக்கா. நோகுது."

நான் நிறுத்தினேன்.