நீ வாங்கிக் குடுத்த ஸ்பிறே ரின்

ஓஸ்டர்முண்டிகன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜதுஷனுக்கு,

அம்மா எழுதிறன். நானும் அப்பாவும் எழும்பி வேலைக்குப் போய் வாற அளவுக்கு இருக்கிறம். மெல்பேணில நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொண்டு சுகமாய் இருக்கவேணும் எண்டு இப்பவும் விளக்குக் கொளுத்தேக்க கேக்கிறனான், எவ்வளவு கோவம் எண்டாலும் பெத்த வயிறு கேக்கத்தான் செய்யும். தங்கச்சியும் நல்ல சுகம் எண்டு வழக்கமாய் எழுதிற வரியைத்தான் இந்தமுறை எழுத ஏலாமல் கிடக்கு. ஃபோனில கதைக்கலாம்தானே எண்டு நினைப்பாய். ஃபோனில நீ அம்மா எண்ட உடனை நான் சொல்ல வந்ததை விட்டுப்போட்டுச் சாப்பிட்டியோ எண்டு கேட்டுப்போடுறன், நீயும் மீற்றிங் இருக்கு பிறகு எடுக்கிறன் எண்டு வைச்சுப்போடுறாய். அதுதான் மேசையில இருந்து எழுதிறன்.

நீ கோடை லீவுக்கு வந்து நிண்ட நாளெல்லாம் கிருசிகா உன்னை விட்டு அங்கால இங்கால போகேல்லை. பதினைஞ்சு வயசுப் பிள்ளை, அண்ணா சொன்னால் அதுதான் அவளுக்கு வேதம். டிசைன் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கப் படங்கள் கீறிச் சேத்துக்கொண்டிருந்தவள், நாங்கள் எறிய வைச்ச அலுமாரிக் கதவில பெரிய காகம் ஒண்டு ஸ்பிறே பெயின்ற்றால அடிக்கப்போறன் எண்டு உனக்கும் காட்டினவள். அதுக்கு முதலே தானாய்ப் போய்க் கடையில கேட்டிருக்கிறாள், பதினெட்டு வயசு ஆகாதவைக்கு நாங்கள் இதை விக்கிறேல்லை எண்டு சொல்லி வெறுங்கையோட அனுப்பிவிட்டினம். பிறகு மதுஜாவைக் கேட்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டிடத்து இரவீந்திரன் அண்ணையின்ர மகள் பெயின்ற் அடிக்கிற வேலை பழகி இப்ப கடைசி வருசத்தில நிக்கிறாள் எண்டு உனக்குத் தெரியும்தானே. அந்தப் பிள்ளை மாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள். உனக்குத் தொய்வு இருக்கு, மூச்சு இழுக்கும், வயசும் காணாது, அந்த மணத்துக்கு வேலையில நாங்களே ஃபில்ரர் வைச்ச முகமூடி போடுறனாங்கள், வேணுமெண்டால் தூரிகையால அடி, நானும் வந்து உதவி செய்யிறன் எண்டவளாம். விசயம் அதோட முடிஞ்சிருக்கும். முடிய விடாதது நீ. அடையாள அட்டையைக் காட்டி, ஆருக்கு எண்டு கேக்க எனக்குத்தான் எண்டு சொல்லி ஸ்பிறே ரின்னை வாங்கிக்கொண்டு வந்து, அம்மாவுக்கு மூச்சும் விடாதை எண்டு அவளிட்டைக் குடுத்துப்போட்டு நீ பிளேன் ஏறிப் போட்டாய்.

எங்கட வீட்டுக் கெல்லரை நினைச்சுப் பார். சண்டை வந்தால் ஒளிக்கக் கட்டின நிலவறை, மொத்தக் கொங்கிறீற் சுவர், யன்னல் எண்ட பேச்சில்லை, வாசலில ஒரு இரும்புக் கதவு. மணம் படிக்கட்டில ஏறினால் வீடு பராமரிக்கிற மனிசன் சத்தம் போடுவான் எண்டு அந்தக் கதவையும் இழுத்துச் சாத்திப்போட்டுத்தான் பிள்ளை அடிச்சிருக்கிறாள். முகத்தில கொரோனாக் காலத்துக் கடுதாசி மாஸ்க். அது தூசியை மறிக்கும், ஆவியை மறிக்குமோ. தலை இடிச்சும் வயித்தைப் பிரட்டியும் விடாமல் அடிச்சவளாம், வெளியில வெளிச்சம் இருக்கேக்கயே முடிச்சு, மேல கொண்டுபோய்ப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பவேணும் எண்டு. மேல் மாடியில இருக்கிற ஏபி எண்ட கிழவி உருளைக்கிழங்கு எடுக்கக் கீழ இறங்கி அந்தக் கதவைத் திறந்திருக்காட்டி இண்டைக்கு இந்தக் கடிதம் வேற கடிதம். உள்ளை மறிச்சு அடிச்ச மரச்சட்டத்துக்கு அங்கால பிள்ளையின்ர காலைக் கண்டிட்டு, அந்த வயசில மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளை போய் இவளைக் காலில பிடிச்சு வெளியில இழுத்துப் போட்டிட்டுத்தான் மனிசி அம்புலன்சுக்கு அடிச்சது. தீயணைக்கிற ஆக்களும் வந்தவை. அந்தக் காஸ் காத்தை விடப் பாரமாம், நிலத்தோட தேங்கி நிக்குமாம், ஆரும் ஒரு நெருப்புக்குச்சி தட்டியிருந்தால் கட்டிடமே பத்தியிருக்கும் எண்டு அப்பாவுக்குச் சொல்லிச்சினம்.

நான் நிலம் துடைக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் அவளைக் கொண்டு வந்தவை. வேலை உடுப்போட என்னைக் கூட்டிக்கொண்டு போச்சினம். எத்தினையோ வருசமாய் அந்த அவசரப் பிரிவு வாசலைத் துடைக்கிறன், உள்ளை ஒரு கதிரையில இருந்தது அண்டைக்குத்தான். வாய்க்குள்ளால குழாய், கண்ணிமையிலும் நகத்திலும் கறுப்புப் பெயின்ற். அந்த ஆவி மூளையை மயக்கும், சில பேருக்கு இதயத் துடிப்பையே குழப்பும், தொய்வு உள்ள பிள்ளையின்ர மூச்சுக் குழாயை நெரிச்சுப்போடும், தெரிஞ்ச உடனை வந்ததால தப்பினாள் எண்டு டொக்டர் பெட்டை ஆறுதலாய்ச் சொன்னது. நகத்தைத் துடைக்கவோ எண்டு நான் கேட்டனான். இப்ப வேண்டாம் எண்டது.

அண்டைக்கே அப்பா முடிவெடுத்திட்டார். பெயின்ற் வேலை செய்யிறது ஆர், மதுஜா. அப்ப அவள்தான் வேலையில இருந்து எடுத்துக் குடுத்திருக்கிறாள். நேர இரவீந்திரன் அண்ணை வீட்டு வாசலுக்குப் போய் அந்தப் பிள்ளைக்கு முன்னால வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார். அந்தப் பிள்ளை, நான் குடுக்கேல்லை அங்கிள் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னதாம். அதோட நிக்காமல் அவளை வேலை பழக்கிற முதலாளிக்கும் ஃபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டார். அந்தாள் சாமான் எல்லாத்தையும் சரிபாத்திருக்கிறான், ஒண்டும் குறையேல்லை, எண்டாலும் விசயம் தெளியுமட்டும் சாமான் அறை பூட்டித் திறக்கிற திறப்பைத் தா எண்டு எல்லாருக்கும் முன்னால வாங்கி வைச்சிட்டான். பூம்ப்ளிஸ் கோயிலில வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த சனமெல்லாம் அதையே கதைச்சுது, மதுஜாவின்ர தாய் மனோகரி எழும்பி அருச்சனையும் செய்யாமல் போனவ.

இப்ப நான் கேக்கிறதுக்கு நீ உன்ர மனசோட பதில் சொல்லு. அண்டிரவு நீ ஃபோன் எடுத்து அழுதாய். தங்கச்சிக்கு எப்பிடி, எப்பிடி எண்டு கேட்டாய். அப்பா மதுஜா செய்த வேலையைப் பார் எண்டு விபரமாய்ச் சொல்ல, நீ என்ன சொன்னனி. "ஓ, அப்பிடியோ" எண்டு சொன்னாய். பக்கத்தில இருந்து நான் கேட்டனான். பிறகும் எத்தினை தரம் எடுத்தாய், ஒவ்வொரு முறையும் அப்பா அந்தப் பிள்ளையைத் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டு இருந்தாய். ரின் வாங்கிக் குடுத்ததை நான் விளையாட்டுப் புத்தி எண்டு விடுவன் மகன். இதை எதில சேர்க்கிறது எண்டுதான் எனக்குத் தெரியேல்லை.

குழாய் எடுத்த பிறகு, மதுஜாவை அப்பா திட்டிப் பேசினதைக் கேட்டிட்டுக் கிருசிகா கத்த ஏலாமல் கையால கட்டிலில அடிச்சாள். குரல் வரேல்லை, காத்துத்தான் வந்தது. "அண்ணா" எண்டாள். வேற ஆரோ எண்டு நினைச்சு நான் திருப்பிக் கேட்டன். "அண்ணாதான் வாங்கித் தந்தவர், பேசாதேங்கோ" எண்டாள். மூச்சுக்கு அந்தரிக்கிற பிள்ளை அப்பவும் உன்னைப் பேசக்கூடாது எண்டுதான் கெஞ்சினது.

அப்பாவுக்குச் சொன்னன். மனிசன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு அவையின்ர வீட்டை போட்டார். நானும் பின்னால போனன். மனோகரி கதவு திறந்தவ. அப்பா படியிலேயே நிண்டு, "உங்கட பிள்ளை செய்யேல்லை. என்ர பிள்ளைதான் செய்தவன்" எண்டார். உள்ளை மதுஜா கோப்பை கழுவுற சத்தம் நிண்டது. மனோகரி, "சரி அண்ணை, நாங்கள் சொன்னதும் அதுதானே" எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினவ. கோவமாய்ச் சாத்தியிருந்தால் பரவாயில்லை, மெல்லச் சாத்தினவ. அடுத்த நாள் அப்பா முதலாளியிட்டையும் போய்த் தனக்குத் தெரிஞ்ச ஜேர்மன் பாசையில மன்னிப்புக் கேட்டார். திறப்பைத் திருப்பிக் குடுத்திட்டாங்கள். ஆனால் மதுஜா எங்கட படி ஏறுறேல்லை. ரோட்டில கண்டால் இந்த ஊர்ச் சனம் வணக்கம் சொல்லுற மாதிரி குறுஸ் ஆன்ரி எண்டு போறாள், வேற்று ஆளுக்குச் சொல்லுற மாதிரி.

பிறகு நான் உன்னைக் கேக்க நீ சொன்ன மறுமொழி நினைவிருக்கோ. வெளியில அடிக்கத்தானே வாங்கிக் குடுத்தனான், உள்ளுக்க அடிப்பாள் எண்டு நான் கண்டனோ எண்டாய். அந்தக் கடைக்காரிக்கு உன்ர தங்கச்சியைத் தெரியாது, அவளுக்குத் தொய்வெண்டும் தெரியாது, எண்டாலும் இல்லை எண்டு சொன்னாள். மதுஜாவும் சொன்னாள். கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான் இல்லை எண்டு சொல்லேல்லை.

கிருசிகா வீட்டை வந்திட்டாள். மூச்சுக்கு இழுக்க ரெண்டு பம்ப், விழுங்க ஒரு குளிசை. படி ஏறினால் இடையில நிக்கிறாள், நிண்டது தெரியக்கூடாது எண்டு சப்பாத்து நாடா கட்டிற மாதிரிக் குனியிறாள். சுவாசப்பை பழைய நிலைக்கு வருமோ எண்டு கேட்டால் பொறுத்துப் பாப்பம் எண்டுதான் சொல்லுகினம். டிசைன் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருசம் விண்ணப்பிக்கேல்லை. அப்பாவுக்கு முழங்கால் உளைவு கூட, உன்ர பேரை எடுக்கிறேல்லை, நீ எடுத்தால் ஃபோனை என்னட்டைத் தந்திட்டு பல்கனிக்குப் போறார். அங்கை வெயில் தொடங்கிற காலம், தண்ணியைக் கூடக் குடி. தோல் கடிக்கு நான் தந்துவிட்ட பூச்சைப் பூசு. கடைச்சாப்பாட்டைக் குறை.

மார்கழியில ரிக்கற் போட்டிட்டன், அக்‌ஷயாவையும் கூட்டிக்கொண்டு வாறன், அம்மா பாத்தால் பிடிக்கும் எண்டு எழுதியிருந்தாய். கலியாணம் கட்டப்போற பிள்ளை, வரட்டும், அவளில எனக்கு ஒரு குறையும் இல்லை. நடந்ததை வாற வழியில நீயே அவளுக்குச் சொல்லு, என்ர வாயால கேக்கவிடாதை. முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரவேணும், புத்தியை முதல் தரட்டும்.

மறவாமல் இதைச் செய். ஏர்போட்டில இருந்து நேர எங்கட வீட்டுக்கு வராதை. முதல் மதுஜா வீட்டுப் பெல்லை அடி. கதவு திறக்காட்டி, திறக்குமட்டும் குளிருக்க நில். நான் யன்னலால பாத்துக்கொண்டிருப்பன், கூப்பிடமாட்டன்.

உன்ர அம்மா
சிவமலர் குகநாதன்