அம்மாவின் இருமல்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் இங்கே சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ரிக் வண்டியும் நானும் பழுதில்லாமல் ஓடுகிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நினைவு ஆராதனையில் என்னைப் போனிலேயே பேச வைத்தீர்கள். வேலூர் சபைப் போதகராக அப்பா சபையாரின் வெற்றிலைத் தோட்டத்துக்கே சைக்கிளில் போய் ஜெபித்ததையும், என்னைத் திட்டும்போதுகூட பிரசங்கம் போலவே மூன்று தலைப்பு பிரித்துத் திட்டியதையும் சொல்லத் தொடங்கினேன். நிறுத்தத் தெரியவில்லை. "ஏனுங்க, போர்ல தண்ணியே வந்துருச்சு, நீங்க இன்னும் முடிக்கலீங்களா?" என்று டிரைவர் முருகானந்தம் கத்தினார். கடைசியில் சிக்னல் போய்த்தான் நின்றேன்.

தப்பு உங்களுடையது. அப்பாவின் பிரசங்கம் நீண்டால் முன்வரிசையில் நீங்கள் இருமுவீர்கள். அவரும் உடனே ஆமென் சொல்லிவிடுவார். நானும் அந்த இருமலுக்குத்தான் காத்திருந்தேன். நீங்கள் இருமவே இல்லை. தங்கை சரிதாவைக் கேட்டால், "அம்மா கண்ண மூடிட்டு சிரிச்சுட்டே இருந்தாங்கண்ணா" என்கிறாள்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. ஊரிலிருந்து வரும் வண்டியில் கொடுத்துவிடுங்கள். அப்படியே போன் செய்து ஒருமுறை இருமிவிடுங்கள் அம்மா. நான் இன்னும் ஆமென் சொல்லவில்லை.

வண்டி கிளம்புகிறது.

உங்கள் மகன்
ஜெயபிரகாஷ்