நலுவேயை ஊராகக் கொண்டவருக்கு

அன்புள்ள இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் போயா தொடங்குவது? உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் இந்தக் கடிதமும் வருகிறது. வந்த சனமெல்லாம் வாசிக்கும். வாசிக்கட்டும், நமக்குள் என்ன ஒளிப்பு மறைப்பு?

முதலில் சண்டையைச் சொல்கிறேன். மலரின் முதற்பக்கத்துக்கு வழமையான அந்த வரி வேண்டும்: இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று. ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்து, "அதிலை நலுவேயை விட்டிடாதையப்பா" என்று சொன்னீர்கள். நான் விடுவேனா? ஆனால் அந்த வரியை எழுத உட்கார்ந்த, சிட்னி கிரவீனிலிருந்து வந்த உங்கள் தம்பி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அண்ணி, ஆபிரிக்காவிலை வேலை செய்த இடமெல்லாம் ஊராகுமே? பாக்கிற சனம் சிரிக்கும்."

சிரிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நலுவே, சாம்பியாவின் மேற்கே, சாம்பேசி ஆறு பரந்து ஓடும் சமவெளியில் இருக்கிறது. வெயில் காலத்தில் ஊர் ஆற்றோரம், ஒரு மண்மேட்டின் மேல். மாடு மேயும், சோளம் விளையும், மீனுக்குக் குறைவில்லை. மழைக்காலக் கடைசியில் ஆறு ஏறிவிடும். அப்போது சனமெல்லாம் வள்ளங்களில் ஏறி, நீங்கள் புவியியல் படிப்பித்த பள்ளிக்கூடம் இருந்த மணல் திடலுக்கு வந்துவிடும். அங்கேயும் அவர்களுக்கு வீடுகள் இருந்தன. அதற்கும் பெயர் நலுவேதான்.

இது முதல் வருடம் எனக்கு எங்கே தெரிந்தது? யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? கிணறும் குளமும் கண்ட நாங்கள். வள்ளங்களில் பாயும் சட்டியுமாகச் சனம் வருவதைக் கண்டதும், "ஐயோ, அகதியாய் வருகினம்!" என்று கத்தினேன். எங்களுக்கு அப்படிச் சனம் வந்தால் ஒன்றுதான் தெரியும். நீங்கள் ஓடிப்போய்ப் பள்ளிக்கூட மண்டபத்தைத் திறந்தீர்கள். நான் பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றிச் சோறும் பருப்பும் காய்ச்சினேன். அவர்களோ மேளம் அடித்துப் பாடிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்து இறங்கிய இனோங்கே ஒரு கோப்பை சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, யாருக்குக் கலியாணம் என்று கேட்டாள். நான் விளக்கம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாங்கள் ஓடி வரவில்லையே. வீட்டுக்கு வந்திருக்கிறோம்" என்றாள்.

பிறகு எண்பத்து மூன்று இனக்கலவரம். கொழும்பில் நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை எரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நீங்கள் சாப்பாட்டைத் தொடவில்லை. வெள்ளம் வடிந்து ஊர் கீழே போயிருந்த காலம். இனோங்கேயின் புருசன் வந்து எங்களை ஆற்றோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மேடு தானாக வந்ததில்லை. அவர்களுடைய முன்னோர் கூடை கூடையாக மண் கொட்டி உயர்த்தியது. வந்து சேரும் குடும்பம் ஒரு கூடை மண் போட்டால் அந்த ஊர்க்காரராகிவிடும். உங்கள் கையில் கூடையைத் தந்தார்கள். மண்ணைக் கொட்டிவிட்டு அங்கேயே குந்தியிருந்து அழுதீர்கள். எங்களை வேண்டாம் என்று ஒரு நாடு சொன்ன நேரத்தில், வா என்று சொன்ன சனம் அது. அதை நான் மறந்தால் மனிசியே இல்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். மகள் கொம்பியூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, மேப்பிலை டூ பிளேசஸ் காட்டுது. விச் வன்?" என்று கேட்டாள். உங்கள் தம்பிக்கு வாய்ப்பாகப் போய்விட்டது.

"பாத்தியளே அண்ணி! ரெண்டு இடத்திலை இருக்கிறதை எப்பிடி ஊர் எண்டு சொல்லுறது?"

எனக்கு வந்ததே கோபம்! "தம்பி, நீங்கள் சிட்னியிலை இருந்துகொண்டு எங்கடை ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். லண்டனிலையும் அதே ஊருக்கு ஒரு சங்கம், ரொறன்ரோவிலையும் ஒண்டு. உங்கடை ஊர் எத்தினை இடத்திலை இருக்கு?"

மனிசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு மெதுவாகப் பேனாவைத் திறந்தார்.

"பிறப்பிடமும் இல்லை, வதிவிடமும் இல்லை. அப்ப என்ன சொல்லைப் போடுறது அண்ணி?"

"ஊர் எண்டே போடுங்கோ."

போட்டார். பிறப்பிடத்துக்கும், நாங்கள் இப்போது இருக்கும் டண்டினொங்குக்கும் நடுவில், 'நலுவேயை ஊராகவும்' என்று தன் கையாலேயே எழுதினார். அச்சுக்கும் போய்விட்டது. நீங்கள் கேட்டது நடந்துவிட்டது, நிம்மதியாக இருங்கோ.

எனக்கும் ஒருநாள் இந்த வரியை எழுதுவார்கள். அதில் ஒரு சொல்லும் குறையக் கூடாது என்று மகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அதுவரைக்கும், நலுவே எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் இருத்தி வைத்துச் சொல்லுவேன். இது சத்தியம்.

உங்கள் ஊர்க்காரி,
உங்கள் மனைவி