ஆறாவது ஆளின் சாப்பாடு

2006 செப்டம்பர் 28, வியாழன்

காற்றே இல்லை. புழுக்கம். சட்டை காலையில் வேலைக்குப் போகும்போதே நனைந்துவிட்டது. ஆபீஸ் கட்டடத்தில் நான்கு மாடி துடைத்தேன். இந்த அரபு நாட்டில் இது ரமலான் மாதம், அதனால் டூட்டி இரண்டு மணிக்கே முடிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே இருக்கும் தேதி நானே எழுதியது. அழகாகத்தான் இருக்கிறது.

எழுதக் கற்று ஐந்து மாதம். கற்றுக்கொடுத்தவன் முருகேசன், எங்கள் அறை டிரைவர். அறுபதை நெருங்கும் எனக்கு நாற்பது வயது வாத்தியார்.

அறையில் ஆறு பேர். ஒரே மெஸ். செலவை ஆறாகப் பிரிப்போம். வாங்குவது, சமைப்பது என் பொறுப்பு. செல்வராசுவுக்கு அவன் கம்பெனி மூன்று மாதமாகச் சம்பளம் போடவில்லை. இன்று சொல்லிவிட்டான்: “மாமா, ஒண்ணாந்தேதியிலேருந்து மெஸ்ஸுல என்னைச் சேக்காதீங்க. நான் குப்பூஸ் வாங்கித் தின்னுக்குறேன்.”

வெறும் ரொட்டியையும் டீயையும் வைத்துக்கொண்டு வெயிலில் கம்பி கட்டுவதா? விடக் கூடாது.

முழுப் பெயர் எழுதினால் விரல் வலிக்கிறது. இனி செல்வராசு செ., முருகேசன் மு.

செப். 29, வெள்ளி

லீவு. ஜும்மா தொழுகைக்குக் கடை மூடும் நேரம் பார்த்துத் தேரா மார்க்கெட். அந்த அவசரத்தில்தான் விலை இறங்கும்.

வாங்கியது:
மத்தி, ஒரு பை. பாதி விலை.
அடிபட்ட தக்காளி, ஒரு பெட்டி. வதக்கி வைத்தால் பத்து நாள் ஓடும்.
கோழி ஈரல், கழுத்து. கறி வேண்டாம்.

அரிசியை அரை மணி ஊறவைத்தால் கேஸ் மிச்சம். நேற்றைய குப்பூஸைப் பிய்த்து உப்புமா. ஊருக்கு மிஸ்டு கால் மட்டும். ஒரு ரிங் சுகம், இரண்டு ரிங் அவசரம்.

இவ்வளவு செய்தும் ஆறாவது ஆள் சாப்பாடு இடிக்கிறது. மு. கத்தினான். “அஞ்சு பேரு காசுல ஆறு பேரு தின்னா ஊருக்கு என்னத்த அனுப்புறது, பெருசு?” அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவன் கேட்டதில் தப்பில்லை.

நான் ஒரு வழி சொன்னேன். பெருநாள் வரை ராத்திரிச் சமையல் கிடையாது. பள்ளிவாசல் கூடாரத்தில் தினமும் நோன்பு திறக்கச் சாப்பாடு போடுகிறார்கள். எல்லோரும் அங்கே போவோம். மிச்சமாவது செ.வின் மற்ற வேளைகளுக்கு. மு. ஒத்துக்கொண்டான். “பிரியாணிய வேணாங்க நான் யாரு?”

செ. மட்டும் மாட்டேன் என்றான். “நோன்பு வைக்காதவன் போயி நோன்பு திறக்குறதா? கூசுது மாமா.”

“அப்ப வச்சுருவோம். நாளைக்கு நீயும் நானும்.”

சிரித்துவிட்டான். வெகு நாளைக்குப் பிறகு.

செப். 30, சனி

விடியுமுன் பழைய சோறு, தயிர், வெங்காயம். மத்தியானச் சோறும் இரண்டு பேருக்கு மிச்சம்.

மூன்றாம் மாடி துடைத்து நிமிர்ந்தேன். பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாகத் தண்ணீர் கூலர் குழாயைத் திருகியது. ஒரு டம்ளர் முழுக்கக் குடித்த பிறகுதான் ஞாபகம். போச்சு.

சாயங்காலம் கூடாரம். மற்ற நாலு பேரும் உள்ளே. எனக்கு வாசல் தாண்டக் கால் வரவில்லை. “நீ போடா, நான் தண்ணி குடிச்சுட்டேன்” என்றேன்.

செ. நகரவில்லை. “இழுத்து வுட்டது நீங்க. நீங்க வராம நான் உள்ள கால் வைக்கமாட்டேன்.” உதடு வெடித்துக் கிடந்தது. அவன் வெயிலில் நின்றும் ஒழுங்காக இருந்திருக்கிறான். நான் ஏசியில் இருந்து கெடுத்தேன்.

பேரீச்சம்பழம் பரிமாறிய பாய் காதில் விழுந்துவிட்டது. நம் ஊர்க்காரர், காயல்பட்டினம்.

“தெரிஞ்சு குடிச்சீங்களா, மறந்தா?”

“மறந்துதான் பாய்.”

“மறந்து குடிச்சா நோன்பு முறியாது பெரியவரே. நோன்பு வைக்காதவங்களுக்கும் இங்க தட்டு உண்டு. பாங்கு சொல்லப் போறாங்க, ரெண்டு பேரும் உக்காருங்க.”

செ. என் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தான். பக்கத்தில் அவன். கஞ்சி, பிரியாணி, ஆரஞ்சு ஒன்று. எதிர் வரிசையிலிருந்து மு.: “தண்ணி குடிச்சவருக்கு லெக் பீஸ் கிடையாது!” செ. எலும்பைக்கூட விடவில்லை.

இந்தப் பக்கம் எழுத ஒரு மணி நேரம். பரவாயில்லை.

அக். 1, ஞாயிறு

இன்றும் நோன்பு. கூலர் மேல் துணி போட்டு மூடினேன். டூட்டி முடிந்து வந்து தக்காளி முழுக்க வதக்கியாகிவிட்டது. ருசி பார்க்கவில்லை. உப்பு எப்படியோ.

ஒன்றாந்தேதி, மெஸ்ஸுக்கு அரிசி வாங்கும் நாள். செ.விடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான். பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவனே செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

“இருபது கிலோதானே மாமா, ஆறு பேருக்கு?”

“இருபது.”

லிப்ட் ஓடவில்லை. நாலு மாடியும் மூட்டையைத் தோளில் வைத்து ஏறினான்.