ஞாயிற்றுக்கிழமையில் சாவு குறைவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நான் பார்க்கிற வேலைக்கு இந்த ஒரு வரியைக்கூடச் சும்மா எழுத முடியவில்லை, எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற உன் அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சௌக்கியமாக இருக்க வேண்டும். மாமா மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் போடட்டுமா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் மொத்தமே அஞ்சு சாவுதானே, தொற்றுநோய் அடங்கிவிட்டதுபோல என்று கேட்டு எழுதியிருந்தாய். பதில் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் உன் மாமா அடித்த கூத்தைக் கேள், இல்லாவிட்டால் என் பதில் உனக்குப் புரியாது.

என் ஆபீஸ் உனக்குத் தெரியும், இறப்புப் பதிவுப் பிரிவு, நாலு மேஜை, ஒரு ஃபேன், அதுவும் மேலதிகாரி பக்கம் மட்டும் திரும்பும். ஆஸ்பத்திரிகளிலிருந்து படிவம் வரும், அதில் சாவுக்குக் காரணம் என்ன என்று டாக்டர் எழுத வேண்டும், நான் அதைப் படித்து எந்த நோயின் கணக்கில் சேர்ப்பது என்று பார்த்துப் பதிய வேண்டும். ஒரு டாக்டர் இருக்கிறார், யார் செத்தாலும் இதயம் நின்றது என்று எழுதி அனுப்புவார். இதயம் நிற்காமல் யாராவது செத்திருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் நானும் பார்க்கிறேன் என்று எனக்கு வாய் வரை வரும். எதனால் நின்றது என்று சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவேன். மூச்சு நின்றதால் என்று வரும். மூச்சு எதனால் நின்றது என்று மறுபடி அனுப்புவேன். மூன்றாம் தடவைதான் அந்த நோயின் பெயரை எழுதுவார், ஏதோ தன் சொந்த வீட்டு ரகசியத்தைச் சொல்கிற மாதிரி. எங்கள் ஆபீசில் அவருக்கு நின்றது டாக்டர் என்றே பெயர். அவர் அப்படி எழுதியதை அப்படியே பதிந்தால் ஊரில் எல்லோரும் இதயத்தில்தான் செத்தார்கள் என்று ஆகிவிடும். இதெல்லாம் பதிந்து முடித்தபின் இந்தத் தொற்றுநோய்க்கு இன்று இத்தனை என்று சாயங்காலம் ஒரு எண் அனுப்புவோம், மறுநாள் பேப்பரில் வருவது அதுதான். இன்று பதிந்தது எத்தனை என்பதுதான் அது, இன்று செத்தவர்கள் எத்தனை பேர் என்பதல்ல. இதை இந்த ஊரில் ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லை.

உன் மாமாவுக்குக் கடை மூடிக் கிடக்கிறது, பொழுது போகவில்லை. பேப்பரில் வருகிற எண்ணையெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் குறித்து, கோடு இழுத்து, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருக்கிறான். ஒருநாள் போன் பண்ணி, அக்கா கண்டுபிடிச்சுட்டேன், ஞாயித்துக்கிழமை நோய்க்கு வேகமே இல்ல, அதனால கல்யாணத்தை ஞாயித்துக்கிழமை வெச்சுட்டேன், நூத்தி நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு என்றான். டேய், ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிறது நோய் இல்லடா, நான்தான், அன்னிக்கு எங்க பிரிவு பூட்டிக் கிடக்கும், பெரிய ஆஸ்பத்திரி மட்டும் நேரா கம்ப்யூட்டர்ல போடுறதுதான் அந்த அஞ்சு என்றேன். அதற்கு அவன், எல்லாமே உன்னாலதான் நடக்குதுன்னு நினைக்காதேக்கா என்று சிரிக்கிறான். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிறவனிடம் என்ன பேசுவது?

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மேலதிகாரியிடம் கேட்டு ரெண்டு ஞாயிறு ஆபீசுக்குப் போனேன். அவர் என்னை ஏதோ தியாகி மாதிரி பார்த்தார். ஞாயிறு எண் நாப்பத்தொன்றுக்கு ஏறியது, பாக்கி ஒன்றும் இல்லாததால் திங்கள் எண் படுத்துவிட்டது. இனி தம்பிக்குப் புத்தி வரும் என்று நிம்மதியாக உட்கார்ந்தால் போன் வருகிறது. அக்கா, நோய் நாளை மாத்திடுச்சு, கல்யாணத்தையும் திங்கக்கிழமைக்கு மாத்திட்டேன் என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உன் அப்பா வேறு, நீ ஒரு மாசம் லீவு போட்டேன்னா நோயே ஒழிஞ்சுடும் என்று சிரிக்கிறார். இவர்களுக்கு நடுவில்தான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

கடைசியில், திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்து நில்லுடா என்று கூப்பிட்டேன். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டு வந்தான், மேலே ஏற்றிவிட்டேன். சனியும் ஞாயிறும் கதவுத் துளை வழியாகப் போட்டுவிட்டுப் போன படிவங்களை வாரி ட்ரேயில் வைத்தால் நாலு விரல் உயரம் இருந்தது. தேதியை மட்டும் படி என்றேன். ஞாயிறு, ஞாயிறு, சனி, ஞாயிறு என்று சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு படிவத்தில் நின்றுவிட்டான். கல்யாணத்துக்குச் சொல்லிவைத்திருந்த போட்டோக்காரர். மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை, பொறுப்பில்லாத மனுஷன் என்று வருகிற வழியெல்லாம் அவரைத்தான் திட்டிக்கொண்டு வந்திருக்கிறான். காரணம் என்ற இடத்தில் இதயம் நின்றது என்று இருந்தது. உன் மாமா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அக்கா இது தப்பு, போன வாரம் பேசும்போதே அவருக்கு இருமல் நிக்கல, இப்படியே விட்டுடாதே என்றான். நான் சீட்டு எழுதினேன். தபாலில் போனால் நாலு நாள் ஆகும் என்று அவனே வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வெளியே வெயிலில் ரெண்டு மணி நேரம் நின்று, மேஜை டிராயரில் கிடந்த பரிசோதனை முடிவைத் தேடி எடுக்கவைத்து, டாக்டரிடம் அந்த நோயின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வந்தான். முதல் சீட்டுக்கே நின்றது டாக்டர் சரியாக எழுதியது அதுதான். திரும்பி வந்து என் மேஜைப் போனில் நூத்தி நாப்பது பேருக்கும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, வராதீங்க, உயிரோட இருங்க, அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொன்னான். ரெண்டு வீட்டு ஆட்கள் எட்டுப் பேரோடு அவன் வீட்டு முன்ஹாலில் கல்யாணம் வைக்கப்போகிறான். எந்தக் கிழமை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது உன் டிக்கெட்டுக்கு வருகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. படித்ததும் அந்த அஞ்சு பொய் என்று உடனே எழுதியிருக்க வேண்டும், ஊரில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். எழுதவில்லை. தம்பிக்காக ரெண்டு ஞாயிறு ஆபீசுக்குப் போனவள் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தேன். உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் அந்த எண்ணை நம்பி வரட்டுமே, ஒரு தடவை கண்ணில் பார்த்துக்கொள்கிறேனே என்று இருந்துவிட்டேன். பெற்றவள் செய்கிற காரியமா இது? போட்டோக்காரருடைய பெயரைப் பதிந்தபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வராதே, கண்ணு. டிக்கெட் போட்டிருந்தால் இன்றைக்கே ரத்து செய்.

பேப்பர் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம், தினம் ஒரு தடவை போன் பண்ணு, நான் எடுக்கிறேன். மாமாவுக்கும் ஒரு போன் போடு, முன்போல வாய் பேசமாட்டேன் என்கிறான், எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். நீ நூறு வயசு நன்றாக இரு, நான் சொல்லும்வரை அங்கேயே இரு.

உன்னைப் பார்க்க ஆசைப்படும்,
அம்மா